எதை முதலில் விரும்புவது?

எம்.பி.ஏ. படிப்பில் சேர விரும்பி நேர்காணலுக்குச் செல்லும் எந்த இளைஞனும், எந்த இளம்பெண்ணும், ‘இந்தப் படிப்பு உனக்கு எதற்கு?’ என்னும் வினாவுக்கு விடை கூறாமல் அந்த அறையைவிட்டு வெளியே வர இயலாது. நவம்பர் இறுதியில் நடைபெறும் கேட் தேர்விலோ, ஜனவரித் தொடக்கத்தில் நடைபெறும் ஸாட் தேர்விலோ, கணிதத்திலும் மொழியறிவிலும் தருக்கத்திலும் தம் வல்லமையை நிலைநாட்டிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அவர்களை நோக்கி இவ்வினா எழும்போது, பெரும்பாலோர் பயிற்சி நிலையத்தில் கற்று மனனம் செய்துகொண்ட விடையையே ஒப்பிக்கின்றனர். கேட்போருக்கும் அது தெரியும், சொல்வோருக்கும் தெரியும். ஆயினும், வாழ்க்கையை எதன்பொருட்டு வாழ்வது என்னும் பழம்பெரும் சமய வினாவின் ஒரு கிளையே இது என்பதை எண்ணிப் பார்ப்போர் அரியர். ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் நம் தென்கடற்கரையில் உழைத்த துறவி ஒருவரின் நெஞ்சை இதே வினா வருத்தியது. அவர் சொன்னது இன்றைக்கும் விண்ணப்பப் படிவத்தின் முன் அமர்ந்திருப்போருக்கு உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1542-இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே அவற்றை மனப்பாடம் பண்ணிக் குழந்தைகளுக்குக் கற்பித்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்தவர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலிருந்த தம் சகோதரர்களுக்கு வரைந்த நீண்ட கடிதத்தில், தாம் பயின்ற பாரிஸ் பல்கலைக்கழகத்தை நினைவுகூர்ந்து, அங்கே சென்று பித்தனைப்போல உரக்கக் கூவ வேண்டுமென்று தமக்குப் பலமுறை தோன்றுவதாக அவர் எழுதுகிறார். அங்குள்ளோரிடம் கல்வி மிகுதி, அன்பு குறைவு என்பதே அவர் மனக்குறை. கல்வியால் திருச்சபைப் பதவியும், பதவியால் மானியமும் பெற்று, அதன் பிறகு அந்த ஆசனத்தில் இருந்துகொண்டு இறைவனுக்கு ஊழியம் செய்வோம் என்று மாணாக்கர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வதைச் சுட்டிக்காட்டி, இவ்வாறு எண்ணுவோர் இறைவனின் சித்தத்தைத் தேடுவோர் அல்லர், தம் ஆசையின் வழியே நடப்போர் என்று அவர் வருந்துகிறார். பதவிக்குப் பதிலாகப் பெருநிறுவன வேலையையும், மானியத்துக்குப் பதிலாக ஆண்டு ஊதியத்தையும் வைத்துப் படித்தால், அக்கடிதம் சென்ற வாரம் தபாலில் வந்ததுபோல் இருக்கிறது.

இந்தப் பார்வையைச் சவேரியார் பெற்றது, பாரிஸில் செயின்ட் பார்ப் கல்லூரியில் தம்முடன் ஒரே அறையில் தங்கியிருந்த லொயோலா இஞ்ஞாசியாரிடமிருந்து. 1521-இல் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் சிதைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த அந்த வீரர், பொழுது போக்குவதற்கு வீரக் கதைகளைக் கேட்டார். அவை வீட்டில் இல்லாமையால், கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்களின் வரலாறும் அவர் கைக்கு வந்தன. அதன் பின் அவர் கண்ட பகற்கனவுகள் இரு வகையாயின. சீமாட்டி ஒருத்தியின் பொருட்டுச் சாகசங்கள் புரிவதாகக் காணும் கனவு, காணும்வரை இனித்து, முடிந்தபின் நெஞ்சை வறண்டுபோகச் செய்தது. வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பதாகக் காணும் கனவோ, முடிந்த பிறகும் உள்ளத்தில் ஒரு நிறைவை விட்டுச்சென்றது. இந்த வேறுபாட்டை அவர் ஒருநாள் கவனித்தார். ஆசைகளுள் எது நம்மை எங்கே இட்டுச்செல்கிறது என்பதை அதன் வாலைப் பார்த்தே அறிய வேண்டும் என்னும் இந்த நுட்பம்தான், பிற்காலத்தில் 1548-இல் திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்று வெளிவந்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்னும் அவருடைய நூலுக்கு வித்தாயிற்று. கல்விக்கூடங்களைத் தேடி அலைவதன் தொல்லையும் அவர் அறியாததன்று: முப்பது வயதைக் கடந்தபின் பார்சிலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்று, அல்காலாவிலும் சாலமன்காவிலும் சமய அதிகாரிகளின் விசாரணைக்கும் சிறைக்கும் ஆளாகி, 1528-இல் பாரிஸ் சேர்ந்து, படிப்புச் செலவுக்காக விடுமுறையில் பிளாண்டர்ஸ் நாட்டு வணிகர்களிடம் யாசகம் கேட்டு, 1535-இல் முதுகலைப் பட்டம் பெற்றவர் அவர்.

வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வது எவ்வாறு என்று இஞ்ஞாசியார் வகுத்த முறையின் மூலாதாரம் ஒன்றே: இலட்சியம் முன், சாதனம் பின். பலர் முதலில் திருமணத்தையோ வருமானமுள்ள பதவியையோ விரும்பிப் பற்றிக்கொள்கின்றனர். பின்னர் அதற்குள் இறைவனுக்கும் ஓரிடம் தேடுகின்றனர். இது தலைகீழான வரிசை என்கிறார் அவர். இஞ்ஞாசியார் நிறுவிய துறவற சபையைச் சேர்ந்தோரே 1949-இல் ஜாம்ஷெட்பூரில், சவேரியாரின் பெயரால், எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்னும் மேலாண்மைக் கல்விக்கூடத்தையும், 1979-இல் சென்னையில் லயோலா வணிக மேலாண்மைக் கழகத்தையும் நிறுவினர் என்பது நினைக்கத்தக்கது. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் ஸாட் தேர்வில், முடிவெடுத்தல் என்றே தனியாக ஒரு பகுதி உண்டு; தொழிலாளியின் நலமும் நிறுவனத்தின் இலாபமும் மோதும் தறுவாயில் அதிகாரி ஒருவர் செய்யத்தக்கது என்ன என்பதுபோன்ற வினாக்கள் அதில் வரும். அந்த வினாக்களுக்குச் சரியான கட்டத்தை நிரப்பும் மாணவர், இந்தத் தேர்வை நான் எழுதுவது எதற்காக என்னும் தம் சொந்த முடிவை அதே கவனத்தோடு ஆராய்ந்திருப்பாரா என்பதே என் கவலை.

என் நண்பர் ஒருவரின் மகள், சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவள், தன் விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தாள். மூன்று கல்லூரிகளுக்கு மூன்று கட்டுரைகள். ஒன்றில், பாட்டியின் மகளிர் சுயஉதவிக் குழுவைக் கண்டு, சிறுவயது முதலே கிராமப்புற நிதித்துறையில் ஈடுபட விரும்பியவளாக அவள் காட்சி தந்தாள்; இன்னொன்றில், சிறுவயது முதலே பெருநிறுவனங்களுக்கு ஆலோசகராக விரும்பியிருந்தாள்; மூன்றாவதில், சிறுவயது முதலே ஒரு புதுத் தொழிலைத் தொடங்கும் கனவு அவளுக்கு இருந்தது. ஓரங்களில் வழிகாட்டி ஒருவர் சிவப்பு மையில், இங்கே தலைமைப் பண்பு தெரிய வேண்டும், இங்கே ஒரு தோல்வியைச் சேர்க்கவும் என்றெல்லாம் குறித்திருந்தார். “எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க, மாமா” என்றாள். அவள் கூறியது உண்மை. நான் காகிதங்களை மூடிவைத்துவிட்டு, ஊருக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். திருச்சியில் அவள் தந்தைக்கு இரும்புக் கடை. கடன் பேரேட்டைத் தான்தான் சரிபார்ப்பதாகத் தொடங்கியவள், எந்தக் கொத்தனாருக்கு எத்தனை மாதம் தவணை விடலாம், மழைக்காலத்தில் ஏன் வசூல் நிற்கிறது, அப்பா யாரிடம் ஏமாறுகிறார், யாரிடம் தெரிந்தே ஏமாறுகிறார் என்று நேரம் போவது தெரியாமல் பேசினாள். அந்த மூன்று கட்டுரைகளில் எதிலும் இந்தப் பேரேடு இல்லை. எந்தக் கல்லூரி நல்லது என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை. தன் பட்டியலிலுள்ள கல்லூரிகளுள் சிறுதொழிலையும் குடும்ப வணிகத்தையும் அக்கறையோடு பாடமாக நடத்துபவை எவை என்று அவள் விசாரிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இத்தகைய கட்டுரைகள் பொய்யா என்று கேட்டால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏதேனும் ஓர் ஆதாரம் இருக்கும் என்பதால், பொய் என்று துணிந்து கூறுவது கடினம். வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த இலக்கணம், பிறருக்குத் தீங்கு பயவாமை. அந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தாலும் இவை ஒருவாறு தப்பிவிடும். ஏனெனில் இங்கே தீங்கு அடைபவர் எழுதுபவரே. தமக்கில்லாத நோக்கத்தைத் தமக்குரியதாக எழுதப் பழகியவர், நாளடைவில் தம் உண்மையான நோக்கத்தைத் தாமே அடையாளம் காண இயலாதவராகிறார். இவ்வாறு பழகிய கைதான் பின்னர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும், ஆட்குறைப்பு அறிவிப்பையும் எழுதப்போகிறது. ஆதலால் விண்ணப்பக் கட்டுரையை ஒரு சடங்கென்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

பொருளீட்டும் கல்வியைப் பற்றி ஆன்மிகம் பேசுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். நம் மரபு பொருளைப் புருஷார்த்தங்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலைச் சேர்ந்தவை. இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது, இன்பத்துப்பாலை விடுத்தாரேயன்றிப் பொருட்பாலை விடவில்லை. இதனினும் வலிய ஆட்சேபம் வேறொன்று உண்டு: பலனில் பற்று வையாமல் கடமையைச் செய் என்று கீதை தெளிவாக உபதேசித்திருக்க, வேறொரு சமயத்தாரின் முறை எதற்கு? கீதையின்பால் எனக்குள்ள பக்திக்குக் குறைவில்லை. எனினும், குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் தனக்குரிய தொழில் எது என்று கேட்கவில்லை. அது பிறப்பிலேயே முடிவாகிவிட்டது. அந்தத் தொழிலை இன்று, இவர்களுக்கு எதிராக, நான் செய்யலாமா என்பதே அவன் கலக்கம். நம் காலத்து இளைஞருக்கோ, பிறப்பு தொழிலை விதிப்பதில்லை, விதிக்கவும் கூடாது. பெரும் போராட்டங்களால் பெற்ற சுதந்திரம் இது. ஆனால் இந்தச் சுதந்திரத்தோடு, ஸ்வதர்மத்தைத் தானே தேடிக் கண்டறியும் பொறுப்பும் வந்து சேர்ந்துவிட்டது. ஏற்றுக்கொண்ட கர்மத்தை எப்படிச் செய்வது என்பதற்குக் கீதை நிகரற்ற வழிகாட்டி. பலவற்றுள் ஒன்றை ஏற்பதற்கு முன் என்ன செய்வது என்பதற்கு இஞ்ஞாசியாரின் முறை அதற்குத் துணையாக நிற்கிறது.

அம்முறையின்படி, தேர்ந்துகொள்பவரின் உள்ளம் முதலில் தராசின் முள்ளைப்போல் எப்பக்கமும் சாயாது நடுநிற்க வேண்டும். அதன் பின், இதை ஏற்றால் வரும் நன்மை தீமைகளையும், ஏற்காவிட்டால் வரும் நன்மை தீமைகளையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். அறிமுகமே இல்லாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் அவருக்கு என்ன சொல்வேன் என்று எண்ண வேண்டும். மரணத் தறுவாயில் நின்று திரும்பிப் பார்த்தால் எவ்வாறு தேர்ந்திருக்க விரும்புவேன் என்றும் எண்ண வேண்டும். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் முன்செய்த முடிவை மாற்றலாகாது என்று அவர் விதித்த நியமத்தை, தேர்வு முடிவு வெளியாகி, எதிர்பார்த்த பெர்சென்டைல் வராத அன்று மாலையிலேயே வேறு வழிகளில் பாயத் துடிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிட்டுவரும் கல்வி நிறுவனங்களின் தரவரிசைப் பட்டியல் தகவல் என்ற அளவில் மதிக்கத்தக்கதே. ஆனால் தராசு நடுநிற்குமுன் அதைத் தட்டில் போட்டால், நிறுத்துப் பார்க்க இடமே இராது.

பழைய ஐ.ஐ.எம்.களில் படிப்புக் கட்டணமே 20 இலட்சத்தைத் தாண்டுகிறது. வங்கிக் கடனில் படிக்கும் பிள்ளைக்கு நடுநிலையும் பற்றின்மையும் எங்கே கட்டுப்படியாகும் என்று ஒரு தகப்பனார் கேட்டால், அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வராது. அவருக்குக் கூறத்தக்கது இதுதான்: கடனும் பெற்றோரின் முதுமையும் தங்கையின் படிப்பும் உலகியற் பற்றுகள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல, அவையும் தட்டில் வைத்து நேர்மையாக நிறுக்க வேண்டிய கடமைகளே. குறைந்த கட்டணத்தில், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வெழுதி, அரசுக் கலந்தாய்வு மூலம் நம் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் சேர்வதே அந்த நிறுப்பின் முடிவாக இருந்தால், அதில் தாழ்வு ஏதுமில்லை. பெரிய கட்டணத்தை ஏற்பதே முடிவானாலும் பிழையில்லை. முடிவு இன்னதாக இருக்க வேண்டுமென்று முன்பே தீர்மானித்துக்கொண்டு, பிறகு நிறுப்பதாகப் பாவனை செய்வதுதான் பிழை.

வரிசை தவறித் தேர்ந்துவிட்டு, இப்போது இரண்டாம் ஆண்டில் வளாக நேர்காணலுக்குக் காத்திருப்போரும் பலர் உண்டு. மாற்றக்கூடிய ஒன்றைக் குறித்து முறைதவறி முடிவெடுத்தவர், அதை முறைப்படி மீண்டும் எடுப்பது நன்று என்று இஞ்ஞாசியார் இடம் வைத்திருக்கிறார். வேலை என்பது மாற்றக்கூடியவற்றுள் ஒன்றே. கடனை அடைப்பதற்காகப் பெரிய ஊதியமுள்ள பணியை ஏற்பவர், அதைக் கடன் தீர்க்கும் சாதனமாக மட்டுமே ஏற்பதாக உள்ளத்தில் சங்கல்பம் செய்துகொண்டு, எத்தனை ஆண்டுகள் என்பதையும் தாமே வரையறுத்து, அந்த ஆண்டுக் கணக்கை வீட்டில் தம் பெற்றோரிடமும், மணமாகியிருந்தால் மனைவியிடமோ கணவனிடமோ, இப்போதே வாய்விட்டுச் சொல்லிவைத்துக்கொள்ள வேண்டும்.