தாயின் தட்டில் விழும் பங்கு



திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233வது வசனம் பால்குடிப் பிள்ளையைப் பற்றியது. தாய்மார் இரண்டாண்டு முழுமையாகப் பாலூட்டுவதைச் சொல்லி, அத்தாயின் உணவும் உடையும் தகப்பன் மீது பொறுப்பு என்று அங்கேயே விதிக்கிறான் இறைவன். தலாக்காகிப் பிரிந்தவளுக்கும் இது பொருந்தும் என்பது உலமாக்கள் தரும் விளக்கம். பிரிந்தவளுக்கே அப்படியென்றால், நம் வீட்டில் நமக்காகச் சோறு வடிப்பவளுக்கு எவ்வளவு?

தாப்பாவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் நடந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். விடியுமுன்பே தோட்டத்துப் பெண் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். 1920களின் இறுதியில் சர்க்கார் சில வட்டாரங்களுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணுக்கென்று அரிசியை யாரும் விலை குறைத்து விற்றதில்லை!

அந்தக் கூலியில் பிள்ளைக்கு வாங்க முடிந்தது இனிப்பு டின் பால். 1939ல் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், வியாபாரப் பிரமுகர்கள் கூடிய சபையில், ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டே பேசினார். தாய்ப்பாலை நிறுத்தச் செய்து சர்க்கரைப் பாலைப் புகட்ட வைக்கும் விளம்பரத்தால் குழந்தைகள் சாகின்றன, அதைக் கொலை என்றே சொல்லவேண்டும் என்பது அவர் வாதம். சரக்கு விற்பவர் முன்னிலையில் அப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும். இன்று டின்னின் மேலேயே அது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொடி எழுத்து, வாங்குகிறவர் படிப்பதில்லை. கைக்குழந்தையோடு வந்து கேட்பவளிடம் கல்லாவில் இருக்கும் நாம் வாய்விட்டுச் சொல்லலாம். சரக்கின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. ஆனால் பெண்ணின் பலவீனம் போகவில்லை. 2019ல் மலேசிய சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலோ 2019-21 குடும்பநல ஆய்வின்படி பாதிக்கும் மேல். ஏழைக் குடில் மட்டுமல்ல, நம் வீடுகளும் இக்கணக்கில் உண்டு. மாதவிடாயிலும் பேறுகாலத்திலும் இரத்தத்தை இழப்பவள் அவள். இரும்புச்சத்து உள்ள கறியும் ஈரலும் முதல் பந்தியில் ஆண்களுக்கு. என் தாயார் எல்லோரும் உண்டபின் ஆணத்துச் சட்டியின் அடியை வழித்துச் சோற்றில் பிசைந்து உண்டதை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அதைப் பொறுமை என்று புகழ்ந்தோம். எங்களில் ஒருவரும் ஒரு துண்டை எடுத்து வைக்கவில்லை.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, வாரத்தில் ஒருநாள் ஈரல், கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவோடு, டாக்டரைக் கேட்டு உண்ணட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரை, பருப்பின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கட்டும். (டீக்கடைச் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம்!) தலைசுற்றலும் மூச்சிரைப்பும் இருந்தால் தாயத்தைத் தேடாமல் கிளினிக்கில் இரத்தம் சோதிக்க வேண்டும்.

ஹிந்த் பின்த் உத்பா என்ற பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, என் கணவர் கருமி, எனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கணவரின் பொருளிலிருந்து போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளும்படி பெருமானார் தீர்ப்பளித்தார்கள். அந்தக் கணவர் அபூஸுப்யான் ஏழையல்லர், ஷாம் தேசம் வரை சரக்குக் கொண்டு சென்ற மக்கத்துப் பெருவணிகர்.

ரமலானில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பைத் தள்ளிவைக்கச் சலுகை உண்டு. பலர் வெட்கப்பட்டு அதைக் கேட்பதில்லை. பின்னர் ஈடுசெய்யும் முறையை இமாமிடம் விசாரித்து, ஸஹர் வேளை வருமுன்பே கணவன்மார் வீட்டில் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.