புதுக் கால்காப்பும் பழகிய மனமும்

அகிம்சையைப் பற்றி எழுதப் புகுவோர் எறும்பிலும் வடிகட்டிய நீரிலும் தொடங்குவது நம் வழக்கம். இம்முறை, கிரிக்கெட் ஆட்டத்தில் மட்டை பிடிப்பவர் காலில் கட்டிக்கொள்ளும் காப்பிலிருந்து தொடங்குகிறேன். சிறுவர்கள் அதனைப் ‘பேடு’ என்பர். விளையாட்டுப் பக்கம் எட்டியும் பாராத மூத்த வாசகர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

புதிய கால்காப்பை வாங்கிய அன்றே கட்டிக்கொண்டு ஆடப் போகும் சிறுவன் ஓட்டம் எடுக்க இயலாது தடுமாறுவான். பாதத்தின் மேற்புறத்திலிருந்து முழங்காலுக்கு மேல் வரை மறைக்கும் அக்காப்பினுள் பிரம்புத் தண்டுகளும் பஞ்சும், இக்காலத்தில் செயற்கை நுரைப்பொருளும், இறுக அடைக்கப்பட்டிருக்கும். முழங்கால் மடியும் இடத்தில் அது மடியாது. பட்டை பின்னங்காலை அறுக்கும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் சில நாட்கள் வீட்டிலேயே அதனை அணிந்து நடப்பர், அமர்ந்து எழுவர், படியேறி இறங்குவர், முழங்கால் பகுதியைக் கையால் மடக்கி நிமிர்த்துவர். காப்பு காலுக்குப் பழகும். காலும் காப்புக்குப் பழகும். பின்னர் அது காலில் இருப்பதே நினைவில் இராது. தோலும் தோற்பட்டையும் மிகுதியாக இருந்த பழைய நாட்களில் இப்பழக்கத்திற்கு இன்னும் கூடுதலான நாட்கள் பிடித்தன. இன்று விற்பனையாகும் காப்புகள் பலவற்றின் மேற்புறம் செயற்கைத் துணியே, ஒட்டுப்பட்டையும் வந்துவிட்டது. ஆயினும் தோல் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

பள்ளி அணியில் இடம்பெற்ற என் பெயரனுக்கு அவன் தாய்மாமன் வேலூர் லாங் பஜாரின் நெரிசலுக்குள் புகுந்து ஒரு சோடி வாங்கி வந்தார். மேற்புறம் வெண்ணிறத் தோல், பட்டையும் தோல். நான்கு நாட்கள் கூடத்திலும் மாடிப்படியிலும் அதனைக் கட்டிக்கொண்டு திரிந்தான். ஐந்தாம் நாள் ஜினாலயத்திற்குப் புறப்படுகையில், வழக்கம்போல் இடைவாரைக் கழற்றி வைத்தவன், “பாட்டி, உள்ளே போகும் கால் மணி நேரத்துக்குத் தோலைக் கழற்றி வைக்கிறோம். வெளியே நாள் முழுதும் கட்டிக்கொண்டு நிற்கலாமா?” என்று கேட்டான்.

நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் எழும் வினாவுக்கு விடை தருவது எளிது, மணி அடித்துவிடும். வீட்டில் மணி அடிப்பதில்லை.

“மாட்டை நாமா கொன்றோம்? இறைச்சிக்காகக் கொன்றார்கள்; தோல் மிஞ்சியது; மிஞ்சியதை வாங்கினோம்” என்பது மாமன் அளித்த விடை. இது புதிய விடையன்று. ஊன் உண்ட பௌத்தர்கள் தம் தரப்பில் கூறியதும் ஏறத்தாழ இதுவே. நம் முன்னோர் அதனை ஏற்கவில்லை. நம் ஆசாரியர்கள் இம்சையைக் கொல்லும் கையோடு நிறுத்தவில்லை. எண்ணுதல், அதற்கான கருவிகளைத் திரட்டுதல், செயலைத் தொடங்குதல் என மூன்று. அவை மனம், சொல், உடல் வழியாக நிகழ்வதால் ஒன்பது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என இருபத்தேழு. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கினாலும் பெருக்கினால் 108. செபமாலையின் மணிகளை எண்ணும் நம் பெண்களுக்கு இக்கணக்கு அந்நியமன்று. தோல் வாங்கியவன் கொல்லவில்லை என்பது மெய். ஆனால் இந்த 108-இல் எங்குமே அவன் இல்லை என்று சொல்ல என்னால் இயலாது. மாட்டை விலை பேசுகிறவன் இறைச்சிக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு என்று சேர்த்தே கணக்கிடுகிறான். அக்கணக்கில் ஒரு பகுதியை நிரப்புவது நம் பணம்.

நீலகேசியை வாசித்தவர்களுக்கு இவ்விடத்தில் மயிற்பீலி நினைவுக்கு வரும். பௌத்தரோடு நிகழும் வாதத்தில், உங்கள் முனிவர் கையில் பீலி இருக்கிறதே என்னும் வினா எழுகிறது. மயில் தானே உதிர்ப்பது தோகை. அதற்காக எவ்வுயிரும் மடிய வேண்டுவதில்லை என்பது நம் விடை. உதிர்ந்ததற்கும் உரித்ததற்கும் உள்ள வேற்றுமை அது. மாடு தன் தோலை உதிர்ப்பதில்லை.

தானாக இறந்த மாட்டின் தோலாயின்? காந்தியடிகள் இவ்வழியைக் கைக்கொண்டார். இயற்கையாக மடிந்த கால்நடையின் தோலைப் பதனிட்டுச் செருப்பு தைப்பதை ஆசிரமங்களில் ஊக்குவித்தார். கொலையைத் தவிர்த்த அளவில் அது உயர்ந்ததே. நம் அமிர்தசந்திர ஆசாரியரோ புருஷார்த்த சித்தியுபாயத்தில், தானே இறந்த விலங்கின் ஊனையும் விலக்குகிறார். அதில் தோன்றும் நுண்ணுயிர்கள் நசுங்கும் என்பது காரணம். தோற்பையில் வைத்த நீரையும் நெய்யையும் விரதிகள் ஏற்காததும் இவ்வழி வந்ததே. உண்ணும் பொருளுக்குச் சொன்னதை உடுக்கும் பொருளுக்கும் அப்படியே நீட்டலாமா என்பதில் அறிஞரிடையே வேறு கருத்து இருக்கலாம். கடையில் தொங்கும் காப்பு எந்த மாட்டினுடையது என்று விற்பவருக்கே தெரியாத நிலையில், இவ்விவாதத்தை நான் நீட்ட விரும்பவில்லை. (மிருதங்கம் கற்கும் பிள்ளைகளின் தாய்மார் என்மேல் சினம் கொள்ள வேண்டா. அந்த வினாவும் இதன் உடன்பிறப்புத்தான். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

சரி, தோலை விட்டு ரெக்சினுக்குப் போனால் இம்சை தீர்ந்ததா? அதுவும் அவ்வளவு எளிதன்று. ரெக்சின் மக்குவதில்லை, எரித்தால் நச்சுப்புகை. தோலின் கதையோ நம் வாசலிலேயே ஓடிய பாலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு வந்த பிறகு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் கிணற்றுநீர் கெட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அதற்குப் பின் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது; 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றைக் குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து மாண்டனர். நீரையே உயிராக எண்ணும் சமயம் நம்முடையது. பஞ்சேந்திரிய உயிரான மாட்டோடு கணக்கை முடித்துக்கொண்டு, நீரையும் அந்தப் பத்து மனிதரையும் விட்டுவிட்டால் அது அரைக் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் தீட்டு என்று சொல்லிக்கொண்டே, தோலில் வேலை செய்யும் மக்களைத் தள்ளி வைத்துப் பேசும் பழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. அவர்கள் பதனிட்ட செருப்பை அணிந்துகொண்டே அவ்வாறு பேசுவர். இது அகிம்சையன்று, மானம் என்னும் கஷாயம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவது அத்தொழிலால். வாங்க மறுக்கும் உரிமை நமக்குண்டு. இகழும் உரிமை இல்லை.

பெயரனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. காப்பைப் பழக்கியதைப் பற்றி மட்டும் கேட்டேன். “முதல் நாள் எப்படி இருந்தது?” “உறுத்தியது.” “இன்று?” “தெரியவே இல்லை.” மனமும் அவ்வாறே மடங்கும் பொருள் என்றேன். முதல் நாள் உறுத்தியது நான்காம் நாள் உறுத்தாவிடில், பொருள் தூயதாகிவிட்டது என்று கொள்ள முடியாது. விரதத்திற்கும் பழக்கம் வேண்டும் என்பதனால்தான் தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து பாவனைகள் வகுத்தது. ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் என்பது அகிம்சைக்குரிய ஐந்தனுள் ஒன்று. கடையில் கையை நீட்டி ஒன்றை எடுப்பதும் எடுத்தல்தானே!

அவன் தன் சேமிப்பைக் கொண்டு ரெக்சின் காப்பு ஒன்று வாங்கினான். பயன்படுத்திவிட்டதால் பழையதைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காப்பில்லாத மாணவர்க்காக அதனைப் பள்ளி விளையாட்டறையில் கொடுத்துவிட்டான். மாமனுக்கு மனத்தாங்கல், “பாவத்தை அடுத்த பிள்ளையின் காலில் கட்டினாயா?” என்றார். கூர்மையான வினாதான். கொடுத்ததனால் மாடு மீளாது. கொடுத்தவன் கணக்கும் கழியாது. ஆயினும் பரணில் பூஞ்சை பிடிக்க விடுவதைவிட, ஓர் ஏழைச் சிறுவனின் முழங்கால் பிழைப்பது மேல் என்பது என் துணிபு. மாமன் இன்னும் இசையவில்லை.

பந்துதான் எஞ்சி நிற்கிறது. 155.9 கிராமுக்குக் குறையாமல் 163 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டிய அச்சிவப்புப் பந்தின் உள்ளே தக்கையும் நூலும், மேலே மாட்டுத்தோல். காப்பை அவன் தேர்ந்தெடுக்கலாம். போட்டியில் எறியப்படும் பந்தைத் தேர்ந்தெடுப்பது அவனல்லன். இல்லறத்தாருக்கு வகுத்தது அணுவிரதமே. தன் கைக்கு எட்டிய அளவே அதன் எல்லை என்றேன். வலைப்பயிற்சிக்கேனும் தோலில்லாத கனப்பந்து கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறான். வேலூரிலோ சென்னையிலோ அத்தகைய பந்து விற்கும் இடம் அறிந்த அன்பர்கள் இவ்விதழுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால், அடுத்த போட்டிக்கு முன் அவனிடம் சேர்ப்பித்துவிடுவேன்.