பழியை இயல்பின்மேல் போடலாமா?

எங்காவது ஒரு ஊர் கொளுத்தப்பட்ட செய்தி வந்தால், அடுத்த நாளே யாராவது சொல்லிவிடுகிறார்கள்: மனிதன் அப்படித்தான், ரத்தத்திலேயே ஊறிய குணம். இல்லை, ஆதியில் மனிதன் நல்லவனாகத்தான் இருந்தான், காலம்தான் கெட்டுவிட்டது என்று வேறொருவர் மறுப்பார். இரண்டுமே பழைய பேச்சு. கிருத யுகத்தில் அறம் நான்கு கால்களில் நின்றதாகப் புராணம் சொல்கிறது. ஆதாம் ஏதேன் தோட்டத்தை இழந்ததாக விவிலியம் சொல்கிறது. ஐரோப்பாவில் தாமஸ் ஹாப்ஸ், தலைக்குமேல் ஓர் அரசு இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள் என்று 1651இல் வாதிட்டார். ரூசோ 1755இல் பழியைச் சொத்தின்மீதும் சமூகத்தின்மீதும் போட்டார். இவர்கள் யாரிடமும் ஆதி மனிதரின் உடல் சாட்சிக்கு இல்லை. இன்று ஆயிரக்கணக்கான பழங்கால எலும்புக்கூடுகள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. இரு கட்சியினரும் அவற்றைத் தங்கள் பக்கம் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்த எலும்புகளை முழுதாகப் படித்தால் அவை யார் பக்கமும் சாட்சி சொல்வதில்லை என்பதே என் வாதம். அவை மனிதர் செய்ததைச் சொல்கின்றன. மனிதர் இன்னதுதான் செய்தாக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஹாப்ஸ் கட்சியின் முதல் சாட்சி ஜெபல் சஹாபா. இன்றைய சூடானின் வடக்கே, நைல் கரையோரம் இருந்த இடுகாடு அது. அஸ்வான் உயர் அணையின் நீரில் அந்த நிலப்பகுதி மூழ்குமுன், 1960களில் ஃப்ரெட் வென்டார்ஃப் குழுவினர் அதைத் தோண்டினார்கள். 61 பேரின் எலும்புகள் கிடைத்தன. பலருடைய எலும்புகளுக்கு இடையிலும் சில எலும்புகளுக்கு உள்ளேயும் கல் ஆயுதங்களின் சில்லுகள் இருந்தன. குறைந்தது 13,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த இடம், உலகின் முதல் போர்க் கல்லறை என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. இசபெல் க்ரெவ்கேர் தலைமையிலான குழு அதே எலும்புகளை நுண்ணோக்கியின் கீழ் மறுபடி பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டது. உயிருள்ள எலும்பில் விழுந்த வெட்டுக்கும், மண்ணுக்குள் காய்ந்தபின் ஏற்பட்ட உடைசலுக்கும் வேறுபாடு உண்டு. வெட்டுப்பட்டவர் பிழைத்திருந்தால் காயத்தின் விளிம்பு மழுங்கி, அதன்மேல் புது எலும்பு வளர்ந்திருக்கும். உடனே இறந்திருந்தால் விளிம்பு கூராகவே நிற்கும். இப்படிப் பார்த்ததில் 61 பேரில் 41 பேருக்குக் காயம் இருந்தது. அந்த 41 பேரில் 16 பேரின் எலும்புகளில் ஆறிய காயமும் ஆறாத காயமும் சேர்ந்தே இருந்தன. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை.

ஒரே நாளில் நடந்த போர் என்ற பழைய கதை இதோடு உடைந்தது. ஆண்டுக்கணக்கில் விட்டு விட்டு நடந்த தாக்குதல்கள் இவை. பனியுகத்தின் இறுதியில் தட்பவெப்பம் தாறுமாறாகி, நைல் பள்ளத்தாக்கில் பிழைக்க ஏற்ற இடம் சுருங்கிப்போனதே அந்தச் சண்டைகளின் பின்னணியாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதனால் கொடுமை குறைந்துவிடவில்லை. ஓயாமல் அடி வாங்கிய ஒரு கூட்டத்தின் வாழ்க்கை, ஒரு நாள் படுகொலையைவிடப் பயங்கரமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இதிலிருந்து மனித இயல்புக்குத் தாவ முடியுமா? ஸ்டீவன் பிங்கர் 2011இல் வெளியிட்ட நூலில், தொல்லியல் இடங்கள் சிலவற்றைத் திரட்டி, அரசு தோன்றாத சமூகங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் வன்முறையில் இறந்தார்கள் என்று சராசரி கண்டார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் கருகிய அடிச்சோற்றை மட்டும் அள்ளிப் பார்த்துப் பதம் சொல்லக்கூடாது. கொலைத் தடயம் கிடைத்த இடங்களே ஆய்வாளரின் கண்ணில் முதலில் படுகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த நத்தூஃபிய மக்களின் எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன; அவற்றில் ஆயுதக் காயம் மிக அரிது. இரு இடத்திலும் ஒரே மனித இனம்தான். மாறாத இயல்பைக் காட்டி, இவ்வளவு மாறுபடும் விளைவுகளை விளக்க முடியாது.

எலும்பின் கணக்கு முழுமையானது அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. தசையை மட்டும் கிழித்த கத்தி எலும்பில் தடம் விடாது. நோய் வந்த வேகத்தில் இறந்தவரின் எலும்பு நலமாகவே தெரியும்; நோயோடு பல ஆண்டு போராடியவரின் எலும்பில்தான் வடு தங்கும். இந்த முரணை 1992 முதல் எலும்பாய்வாளர்களே எச்சரித்து வருகிறார்கள். ஆகவே வடு இல்லாத இடத்தில் அமைதி நிலவியது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் இந்த ஐயம் இருபக்கமும் வெட்டும். எலும்பில் படியாத அடி இருந்ததுபோலவே, எலும்பில் படியாத ஒரு வாய்க் கஞ்சியும் ஓர் இரவுக் காவலும் இருந்திருக்கும். சான்று இல்லாத இடத்தை அச்சத்தால் மட்டும் நிரப்புவது நேர்மையான வாசிப்பு ஆகாது.

பரிவு சில நேரம் எலும்பிலும் படிகிறது. வடக்கு வியட்நாமில் மான் பாக் என்ற இடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட இளைஞர் ஒருவரை லோர்னா டில்லியும் மார்க் ஆக்ஸன்ஹாமும் ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வளரிளம் பருவத்திலேயே இடுப்புக்குக் கீழ் செயலிழந்துவிட்டது. கைகளும் அநேகமாக உதவவில்லை. கை கால் எலும்புகள் பயன்பாடு இல்லாமல் மெலிந்து கிடந்தன. அப்படியும் அவர் பத்தாண்டு அளவுக்கு வாழ்ந்து, இருபதுகளில் இறந்தார். மீன் பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்த, உலோகம் அறியாத மக்கள் நடுவே இது நடந்தது. அவருக்கு ஊட்டியிருக்க வேண்டும், கழுவிவிட்டிருக்க வேண்டும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் இரக்கத்தில் முடிகிற வேலை அல்ல இது. குரங்குகளுக்கும் முறிந்த எலும்பு தானே கூடுகிறதே, ஆறிய எலும்பைப் பார்த்ததும் பரிவு என்று எப்படிச் சொல்வது என்ற மறுப்பு உண்டு. ஆறிய கை முறிவுக்கு அது பொருந்தும். கையும் காலும் வழங்காத ஒருவர் பத்தாண்டு வாழ்ந்ததற்குப் பொருந்தாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. தன் கூட்டத்தாரைப் பேணுவதும் அயலாரைக் கொல்வதும் ஒரே குணத்தின் இரு முகங்கள். உள்ளே இருக்கும் பாசம்தான் வெளியே வெறியாகிறது என்பது அது. ஜெபல் சஹாபாவிலும் இறந்தவர்களை மரியாதையாகத்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். பாசமும் பகையும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் யார் நம்மவர், யார் அயலார் என்ற கோடு எலும்போடு பிறப்பதில்லை. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே 2002இல் ஆமெஸ்பரி வில்லாளி என்று பெயர் பெற்றவரின் குழி கிடைத்தது; காலம் கி.மு. 2300 அளவு. பல் எனாமலில் பதிந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளைச் சோதித்ததில், அவர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வளர்ந்தவர் என்று தெரிந்தது. இடது முழங்காற்சில்லை இழந்து, பல ஆண்டுகள் நொண்டி நடந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் யாருக்கும் கிடைக்காத அளவு பொருள்களை அவரோடு வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவரிடம் செல்வாக்கோ அரிய கைத்தொழிலோ இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், வேற்று மண்ணில் வளர்ந்தவர் என்பது அந்த மரியாதைக்குத் தடையாக இல்லை. மனிதர் போட்ட கோடு மனிதரால் நகர்த்தப்படக்கூடியது.

அடியோ வெட்டோ இல்லாத வன்முறையும் எலும்பில் உண்டு. எகிப்தில் மன்னன் அக்கெநாத்தன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சூரியத் தட்டான ஆத்தனைத் தனிப்பெருங் கடவுளாக்கி, அமார்னாவில் புதுத் தலைநகரம் எழுப்பினான். அங்குள்ள கல்லறைச் சுவர்களில் படையல் மேசைகள் உணவால் நிரம்பி வழிகின்றன. அந்த ஊரின் சாதாரண மக்களுடைய இடுகாட்டை 2006 முதல் தோண்டியபோது வேறொரு கதை வந்தது. குட்டையான உடல்கள், கண்குழிக் கூரையில் சிறுவயதுச் சத்துக்குறைவின் துளைகள், சுமை தாங்கி நசுங்கிய முதுகெலும்புகள். ஆண்கள் சிலரின் தோள்பட்டை எலும்பில் குத்துத் தடம் இருந்தது. எகிப்தியத் தண்டனை உரைகள் சொல்லும் கசையடியோடும் குத்துக்காயத்தோடும் அதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். வடக்கே இருந்த இன்னொரு இடுகாட்டில் பெரும்பாலோர் ஏழு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். இதில் எங்கே வருகிறது ரத்தத்தில் ஊறிய வெறி? இது களஞ்சியச் சாவி யார் கையில் இருந்தது, கல் சுமக்க யார் ஆணையிட்டார் என்ற கதை. பக்தியும் படையலும் அதை மறைத்தன.

மனித இயல்பு என்று இன்று பேசுவோர் பலர், ஒரு பழைய கோட்பாட்டையே புதுப் பெயரில் பேசுகிறார்கள். எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார்கள் ஆசீவகர். அவர்களைப் பௌத்தரும் சமணரும் விடாமல் எதிர்த்தார்கள். தமிழில் சமண நூலான நீலகேசி ஆசீவகரோடு நேராகவே வாதிடுகிறது. எல்லாம் நியதி என்றால் செய்தவனுக்குப் பழியும் இல்லை, செய்யாதவனுக்குப் புகழும் இல்லை என்பதே அங்கே எழும் சிக்கல். பொற்காலக் கதையிலும் இதே குறை வேறு உருவில் இருக்கிறது: நன்மை முடிந்துபோன காலத்துக்கு உரியது என்றால், இன்று நமக்கு மிஞ்சுவது புலம்பல்தான். கொல்லும் திறன் நமக்கு உண்டு. ஜெபல் சஹாபாவைப் பார்த்தபின் அதை யாரும் மறுக்க முடியாது. பேணும் திறனும் அதே அளவு உண்டு. அதற்கு மான் பாக் சான்று. எந்தத் திறன் எங்கே மேலோங்கியது என்பதை நிலமும் பசியும் ஆணையும், அவற்றுக்கு நடுவே மனிதர் எடுத்த முடிவுகளும் தீர்மானித்திருக்கின்றன. ஆகவே ஒரு கொடுமை நடந்தால் மனிதனின் குணம் என்ன என்று கேட்பது வீண். யாருடைய பங்கு பறிக்கப்பட்டது, யார் உத்தரவிட்டார், யார் தடுத்திருக்கலாம் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றுக்குப் பெயரும் பொறுப்பும் உள்ள பதில்கள் உண்டு; அதனால்தான் இயல்பின்மேல் பழி போட்டுவிட்டு நழுவுவது நமக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது.