மடக்குக் கத்தியும் உடைமையின் இலக்கணமும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவரே அதற்கு உடையவர் என்பது சட்டத்தின் நிலை. ஆனால், வாங்கியதைப் பயன்படுத்தவும் பேணவும் அறியாதவரிடம் அது கிடப்பதை உடைமை என்று சொல்லலாமா என்ற கேள்வி, சட்டத்துக்கு அப்பால், மெய்யியலிலும் சமயங்களிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. நிலம், வீடு, பொன் ஆகியவற்றை முன்வைத்து இக்கேள்வியை ஆராயப் புகுந்தால், பரம்பரை, செல்வாக்கு, வரி என்று வேறு பல செய்திகள் குறுக்கிட்டு வாதத்தைக் கலக்கிவிடும். சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி, அதிலும் ஒருவர் முதன்முறையாகத் தரம் பார்த்து வாங்கும் மடக்குக் கத்தி, இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான சிறிய பொருள். அதை வாங்குவதால் எவரும் செல்வராகிவிடுவதில்லை. அதே வேளையில், பேணத் தெரியாதவரிடம் அது விரைவிலேயே மழுங்கித் துருவேறிவிடுவதால், உடைமைக்கும் அறிவுக்கும் உள்ள உறவு அதில் ஒளிவுமறைவின்றிப் புலப்படும்.

எடுத்துக்காட்டாக, பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல் கத்தியைக் கொள்ளலாம். கோடரி முதலிய வெட்டுக்கருவிகளைச் செய்துவந்த கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய இக்கத்தி, 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் செய்யப்பட்டது. அவற்றுள் இன்று மிகுதியாகப் புழங்கும் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அலகு, மரப்பிடி, இரண்டையும் இணைக்கும் ஆணி, பிடியின் கழுத்தில் அசையாமல் அமர்ந்த பூண், அப்பூணின்மேல் சுழன்று அலகைப் பூட்டும் வளையம் என இதற்கு ஐந்தே உறுப்புகள். அவற்றுள் வளையம் 1955இல்தான் சேர்க்கப்பட்டது. அலகு இருவகை எஃகில் கிடைக்கிறது. ஒன்று, நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்கு கரியும் மீதி பெரும்பாலும் இரும்புமான கார்பன் எஃகு. இது கல்லில் எளிதாகத் தீட்டப்படும், ஆனால் ஈரத்தோடு விட்டால் ஓரிரவிலேயே துருவேறும். மற்றொன்று, ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் சேர்ந்ததால் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் துருப்பிடிக்காத எஃகு. பீச் மரத்தாலான பிடி நனைந்தால் ஊதிக்கொண்டு அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்போது நகம் உடையுமளவு இழுத்துப் போராடாமல், பிடியின் அடிப்பக்கத்தை ஏதேனும் கடினமான பரப்பில் தட்டி அலகின் நுனியை வெளிவரச் செய்வது சவோய்க்காரர் வழக்கம். அறியாதவர் குறையென்று கருதிக் கடைக்குத் திருப்பி எடுத்துச்செல்லும் ஒன்று, அறிந்தவர் கையில் ஒரே தட்டில் தீர்ந்துவிடுகிறது.

பிளேட்டோவின் ‘யூதிடெமஸ்’ என்னும் உரையாடல் நூலில், கிளினியாஸ் என்ற இளைஞனோடு பேசும் சாக்ரடீஸ் இதே உறவைப் படிப்படியாக நிறுவுகிறார். நல்ல பொருள்கள் ஒருவரிடம் இருப்பதால் மட்டும் அவருக்கு நன்மை விளைவதில்லை, அவற்றை அவர் பயன்படுத்த வேண்டும். வெறுமனே பயன்படுத்துவதும் போதாது, செம்மையாகப் பயன்படுத்த வேண்டும். அந்தச் செம்மையைத் தருவது அறிவு. கருவிகளும் மரமும் நிறைய வைத்துக்கொண்டு எதையும் செய்யாத தச்சருக்கு அவற்றால் என்ன பயன் என்ற கேள்வி அங்கு எழுகிறது. இந்த வாதத்தை எடுத்தாளும் பலர் அதன் அடுத்த படியை விட்டுவிடுகிறார்கள்: அறிவில்லாதவருக்கு உடைமை குறைவாக இருப்பதே நல்லது, ஏனெனில் குறைவாகச் செய்பவர் தவறுவதும் குறைவாகவே இருக்கும் என்று சாக்ரடீஸ் தயங்காமல் சொல்லிவிடுகிறார். முடிவு கடுமையானதுதான், ஆனால், மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டப்போய், அது வழுக்கியதால் விரலை அறுத்துக்கொண்டவர்கள் அதை எளிதில் மறுக்கமாட்டார்கள்.

ஆயினும் இவ்வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அறிவு முதலில் வாய்க்க வேண்டும், பொருள் அதன் பின்னால் வரலாம் என்ற வரிசையை அது ஓசையின்றி ஏற்றுக்கொண்டுவிடுகிறது. கத்தியைப் பொறுத்தமட்டில் அந்த வரிசை நடவாது, ஏனெனில் தீட்டும் அறிவு கத்தி கையில் இல்லாமல் கிடைக்காது. வீடு கட்டிக் கட்டியே கட்டடக் கலைஞர் ஆகிறார்கள், யாழை மீட்டி மீட்டியே யாழிசைப்போர் ஆகிறார்கள் என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் கூறுவது இந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆகவே, முதல் கத்தியை வாங்குபவர் எவராயினும் அதை அறியாதவராகவே வாங்குகிறார். அவர் கொடுத்த விலை அவரைக் கற்பவராக்குகிறதே தவிர, முழுமையான பொருளில் உடையவராக்குவதில்லை.

அந்தக் கல்வி எத்தகையது என்பதைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். சாணைக்கல்லை நனைத்து, அலகை அதன்மேல் ஏறத்தாழ 20 பாகை சாய்வில் வைத்து, வெட்டுவாயின் அடி முதல் நுனி வரை ஒரே சாய்வு குலையாமல் இழுத்துவர வேண்டும். புதியவரின் மணிக்கட்டு, அலகு வளையத் தொடங்கும் இடத்தில் தானாகவே தாழ்ந்துவிடும். அதனால் நடுப்பகுதி கூராகவும் நுனி மொட்டையாகவும் அமையும். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்தபின், மறுபக்கத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய உலோகப் பிசிறு எழும். கட்டைவிரலின் சதையை வெட்டுவாய்க்குக் குறுக்காக, முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்புறமாக வருடினால் அது லேசாகச் சொரசொரப்பது தெரியும். அப்பிசிறு அலகின் முழுநீளத்திலும் எழுந்த பிறகே கத்தியைத் திருப்பிப் பிடிக்கலாம். பின்னர் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் தோல்வாரில் இழுத்துப் பிசிறை நீக்கிவிட்டால், செய்தித்தாளின் ஓரத்தைக் கத்தி ஓசையில்லாமல் பிளக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் போதும். விரலுக்குத் தெரிவிக்கப் பல வாரங்கள் ஆகலாம். ஒரு கருவியின் சிறப்பையும் குறையையும் உண்மையில் அறிந்தவர் அதைப் பயன்படுத்துபவரே, செய்பவர் அவர் சொல்லக் கேட்டுச் செய்கிறவர் என்று பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் குழலிசைப்பவரை எடுத்துக்காட்டாக வைத்து வாதிடுவது, கல்லின்முன் உட்கார்ந்து பார்த்தவர்க்கு மிகையாகத் தோன்றாது.

கத்தியை மெய்யியலுக்குள் கொண்டுவந்தவர்களுள் இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் பேசப்பட்டவர் ழான் பால் சார்த்தர். 1945இல் பாரிசில் ஆற்றிய உரையில், தாள் வெட்டும் கத்தியை அவர் எடுத்துக்கொண்டார்: அதைச் செய்தவரின் உள்ளத்தில் அது இன்னது, இன்னதற்கானது என்ற கருத்து முன்பே இருந்தது, ஆகவே அதன் சாரம் அதன் இருப்புக்கு முந்தியது, மனிதனுக்கோ இருப்புதான் முந்தியது, அவன் தன் சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். இது அவருக்கு வசதியான தேர்வு என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் தாள் வெட்டும் கத்திக்குச் சாணை தேவையில்லை. செய்தவர் விட்ட நிலையிலேயே அது கடைசிவரை இருக்கும். நாள்தோறும் வேலைசெய்யும் மடக்குக் கத்தி அப்படி இருப்பதில்லை. பழம் நறுக்குபவர் அதன் வாயை மெல்லியதாகவும், மரம் சீவுபவர் சற்றுத் தடித்ததாகவும் தீட்டிக்கொள்வர். எலுமிச்சையின் புளிப்புப் பட்டுப் பட்டுக் கார்பன் எஃகு கருநீலமாகிச் செந்துருவைச் சற்றே தள்ளிவைக்கும். சில ஆண்டுகளில், ஒரே பட்டறையிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த இரு கத்திகள் இரு வேறு பொருள்களாகிவிடும். செய்தவரின் கருத்து அவற்றின் தொடக்கத்தை மட்டுமே விளக்கும்.

இதுவரை சொன்னதிலிருந்து, அறிவு பெருகப் பெருக உடைமை தூய்மையாகும் என்று எவரேனும் முடிவுகட்டினால் அது அவசர முடிவாகும். அறிவிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலே கண்ட, புழக்கத்தில் வரும் அறிவு; மற்றொன்று, ஒப்பிடுவதில் வரும் அறிவு. பின்னது, எஃகுகளின் பெயர்களையும் ராக்வெல் அளவுகளையும், அதாவது வைரக் கூம்பொன்றை எஃகில் அழுத்தி அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துக் கணிக்கும் கடினத்தன்மை எண்களையும், மனப்பாடமாக்கித் தருகிறது. 58 என்ற எண்ணுள்ள அலகைவிட 62 என்ற எண்ணுள்ளது கூர்மையை நெடுநாள் காக்கும் என்பதும், அதைத் தீட்டுவது கடினம், பக்கவாட்டு விசைபட்டால் வாய் சில்லுச் சில்லாக உடையக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால் இவற்றை அறிந்தவர், ஒரு கத்தியிலும் பிசிறு எழுப்பிப் பாராமலேயே அடுத்த கத்திக்குத் தாவிக்கொண்டிருக்கக்கூடும். ஒவ்வொரு பொருளுக்கும் இரு பயன்கள் உண்டு, செருப்பைக் காலில் அணியலாம், பண்டமாற்றுக்கும் கொடுக்கலாம், முன்னதே அதற்குரிய பயன் என்று ‘அரசியல்’ நூலில் வகுத்த அரிஸ்டாட்டில், சேர்த்துவைத்து ஒப்பிட்டு மகிழ்வது என்ற மூன்றாம் பயனை அவ்விடத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. தமிழகத்தில் ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு, வேலைவாங்காமல் ஓய்வாக வைப்பர். மற்ற நாள்களில் அவை உழைப்பதால்தான் அந்த ஓய்வுக்குப் பொருள் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கிடக்கும் கத்திகளுக்கோ ஆண்டு முழுவதும் ஆயுத பூசைதான்.

இந்த இடத்தில் சமண மரபு பிற மரபுகளைவிடக் கூரியதாக அமைகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பரிக்கிரகம் எனப்படும் பற்றுடைமைக்கு இலக்கணம் வகுக்கும்போது, பொருளின் எண்ணிக்கையையோ விலையையோ சொல்லாமல் மூர்ச்சை என்ற ஒன்றையே சொல்கிறது. மூர்ச்சை என்பது பொருளின்மேல் கொண்ட மயக்கம், எனது என்று அறிவிழந்து ஒட்டிக்கொள்ளும் நிலை. இதன்படி, ஒரே கத்தி வைத்திருப்பவர் பற்றுமிக்கவராக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் அடுத்தவர் கத்தியையே நினைத்துக்கொண்டிருப்பவரும் அவ்வாறே. துறவிக்கு முற்றத் துறத்தலை விதித்த சமணம், இல்லறத்தார்க்குப் பரிக்கிரக பரிமாணம் என்ற நோன்பை, அதாவது தமக்கு இவ்வளவு போதும் என்று தாமே எல்லை வகுத்துக்கொள்வதை விதித்தது. எல்லையை வேறொருவர் வகுக்காமல் உடையவரே வகுக்க வேண்டும் என்பதில், அவர் தம் தேவையை அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அடங்கியிருக்கிறது. புழக்க அறிவு இல்லாதவர்க்கு அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று தெரிய வழியில்லை.

அதே சமணம் கத்தியைக் குறித்து வேறோர் எச்சரிக்கையும் தருகிறது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய நோன்புகளைக் கூறுவன. வீண் தீங்குகள் எனப்படும் அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக முதல் நூல் வைக்கும் இம்சாதானம் என்பது, கோடரி, வாள், மண்வெட்டி, தீ போன்று உயிர்க்கொலைக்கு ஏதுவாகும் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்தல். மண்வெட்டியையும் வாளையும் ஒரே பட்டியலில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது: கருவி, படைக்கலம் என்ற பிரிவினையை அது பொருளின் வடிவத்தில் தேடவில்லை. இன்றைய சட்டங்கள் பெரும்பாலும் வடிவத்தில் தேடுகின்றன. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், பொதுவிடத்தில் தக்க காரணமின்றிக் கூரிய பொருளோடு நடமாடுவதைத் தடுத்துவிட்டு, வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்களிக்கிறது; பூட்டிக்கொள்ளும் கத்தியை அந்நாட்டு நீதிமன்றங்கள் மடக்குக் கத்தியாக ஏற்பதில்லை. விரலைக் காக்கும் பொருட்டு ஒப்பினெலில் சேர்க்கப்பட்ட வளையம், அந்நீளத்துக்குள் அடங்கும் அதன் சிறிய அளவுகளையும் அங்கு ஐயத்துக்குரிய பொருளாக்கிவிடுகிறது. சட்டத்துக்கு வேறு வழியில்லை, அது உள்ளத்தை அளக்க முடியாது. ஆனால் கத்தி வைத்திருப்பவர் தம்மை அளந்துகொள்ள அதே அளவுகோலைக் கடன்வாங்க வேண்டியதில்லை.

உடையவரின் உள்ளம் பொருளில் பதிவதைச் சீனத்துத் தாவோ மரபின் ஜுவாங்ஸி நூல் ஒரு சமையற்காரரின் வழியாகக் காட்டுகிறது. அதன் மூன்றாம் பகுதியில் வரும் டிங் என்பவர், பல்லாயிரம் மாடுகளை அறுத்தும் பத்தொன்பது ஆண்டுகளாகத் தம் கத்தியை மாற்றவில்லை. அதன் வாய் அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறது. சாதாரணச் சமையற்காரர் வெட்டித் தள்ளுவதால் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார். டிங் மூட்டுகளுக்கு இடையே இயல்பாக உள்ள வெளியில் மட்டும் அலகைச் செலுத்துகிறார். எஃகை அறிந்தவர்க்கு இதில் மிகை தெரியாமல் போகாது: தோலையும் சதையையும் அறுத்தாலே வாய் தேயும், ஒவ்வொரு தீட்டலும் அலகில் ஒரு துளியைக் கல்லுக்குக் கொடுத்துவிடும். எனினும் கதை சொல்லவந்தது பிழையில்லை. கத்தியின் தேய்மானம் பெரும்பாலும் அதை ஏந்தியவரின் பொறுமையின்மையிலிருந்து வருகிறது. எலும்பில் மோதியும், மூடியை நெம்பியும், பீங்கான் தட்டின்மேல் வெட்டியும் வீணாகும் கூர்மையே மிகுதி. செய்துமுடித்தபின் டிங் கத்தியைத் துடைத்து வைக்கிறார் என்பதையும் அந்நூல் சொல்லத் தவறவில்லை.

ஆகவே, உடைமை என்பது வாங்கிய நாளில் நிகழ்ந்து முடிந்துவிடும் செயலன்று, புழக்கத்தாலும் பேணுதலாலும் சிறிது சிறிதாக ஈட்டப்படுவது என்ற நிலையே வலுவானது. முதல் கத்தியை வாங்க எண்ணுவோர் அதனோடு ஒரு சாணைக்கல்லையும் வாங்கிவிட வேண்டும். கத்திக்கென்று ஒதுக்கிய தொகையில் கல்லுக்கு இடமில்லை என்றால், இன்னும் மலிவான கத்தியைத் தேர்ந்துகொள்வதே முறை. இரண்டாம் கத்தியின்மேல் மனம் தாவும்போது, முதல் கத்தி தாளைப் பிசிறில்லாமல் வெட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் கடைக்குப் போகலாம்.