அபயம் கேளாத உயிர்

கோயிலில் மூர்த்தியின் அபய ஹஸ்தத்தைத் தரிசித்து நிற்கும்போதெல்லாம், உள்ளங்கை நம்மை நோக்கி விரிய, விரல்கள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் அந்தக் கையைப் போல எல்லா ஜீவன்களுக்கும் விளங்கக்கூடிய பாஷை வேறொன்று இருக்க முடியாது என்று பல வருஷ காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது ஒரு நாய். அடிபட்டு வளர்ந்த பிராணிக்கு உயர்ந்த கை உயர்ந்த கைதான். அருளுவதற்காக உயர்ந்ததா, அடிப்பதற்காக உயர்ந்ததா என்று நின்று நிதானிக்க அதற்கு அவகாசம் ஏது?

இரண்டு வருஷங்களுக்கு முன், சென்னையில் ஒரு பிராணிகள் காப்பகத்திலிருந்து அவளை அழைத்து வந்தோம். (அது என்று எழுத மனம் வரவில்லை; ரமண மகரிஷியும் ஆசிரமத்துப் பிராணிகளை அவன், அவள் என்றே சொல்லி வந்தார்.) செம்மண் நிறம், மூன்று வயதிருக்கலாம் என்று பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்னார், ஒரு காதின் நுனி நறுக்கப்பட்டிருந்தது. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று 2001-ல் மத்திய அரசாங்கம் விதிகள் வகுத்ததே, அந்த முறைக்கு உட்பட்ட நாய்களின் காதில் காணும் அடையாளம் அது. கொன்று குறைப்பதற்குப் பதிலாக வந்த கருணை மார்க்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், வலையை வீசித் தூக்கி, வண்டியில் அடைத்து, முன்பின் அறியாத வாடைகளின் நடுவே மயக்கிக் கிடத்திய அந்தக் கருணையை அவள் கருணை என்றா அறிந்திருப்பாள்? அதற்கும் முன்னால் யாரோ கம்பெடுத்து அடித்திருக்கிறார்கள் என்பது, துடைப்பத்தைக் கண்டதும் அவள் உடம்பு சுருங்கிய விதத்திலேயே தெரிந்தது. நாய்க்குட்டி மனிதரோடு பழகும் இயல்பு, பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையில்தான் எளிதில் வேர்கொள்ளும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் பருவத்தை இவள் எங்கே, எப்படிக் கழித்தாளோ! காப்பகத்தில் அவளைக் கவனித்து வந்த பையன் ஒரே ஒரு புத்திமதி சொன்னான்: "தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாதீங்க சார். கீழேயே வெச்சுக்குங்க. அவளா வந்தாத்தான்."

அவளாக வரவில்லை. மரக்கட்டிலின் அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தாள். விளக்கை அணைத்து நாங்கள் உறங்கிய பிறகே தட்டில் வைத்த சோறு குறையும். நான் தரையில் அமர்ந்து, அன்பு பொங்க அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்; அவள் கொட்டாவி விடுவாள், உதட்டை நக்குவாள். தூக்கம் வருகிறது, பசிக்கிறது என்று நினைத்தேன். இரண்டும் நாயின் கலக்கத்துக்கு அடையாளம் என்பது பின்னால் தெரிந்தது. "நீங்கள் பார்ப்பதே அவளுக்கு அடி மாதிரி இருக்கிறது. வேறெங்காவது பார்த்துக்கொண்டு உட்காருங்கள்" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கையைத் தரையில் கிடத்தி, புத்தகம் படிக்கத் தொடங்கினேன்.

சரணாகதி சாஸ்திரத்தை ஓரளவு கேட்டு வளர்ந்த எனக்கு அந்த நாட்களில்தான் ஒரு சிக்கல் எழுந்தது. விபீஷணன் கடலைக் கடந்து வந்து சரணம் என்றான். சுக்ரீவன் தடுத்தும், உனக்கு உரியவன் என்று ஒரு தரம் யாசிப்பவனுக்கும் சகல பூதங்களிடமிருந்தும் அபயம் கொடுப்பது தன் விரதம் என்று இராமபிரான் உரைத்தான். வேதாந்த தேசிகர் அந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டு 'அபயப்ரதான ஸாரம்' என்று ஒரு கிரந்தமே செய்தார். தருமபுத்திரர் எந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தாரோ, அந்த நாயும் தானாகவே பின்தொடர்ந்து வந்த நாய். கேட்டவர்க்கு, வந்தவர்க்கு அபயம் உண்டு. கேட்கவும் அறியாமல், வரவும் துணியாமல், கொடுக்க வருகிறவனைக் கண்டே நடுங்கும் ஜீவனுக்கு என்ன கதி? தாயைத் தன் கைகளால் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வைணவர்களில் வடகலையார் திருஷ்டாந்தம் காட்டுவார்கள். தாய் கவ்விச் செல்லச் சும்மா கிடக்கும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டுவார்கள். பற்றவும் வேண்டாம், விலக்காமல் இருந்தால் போதும் என்று அவ்வளவு தூரம் இறங்கி வருகிறது பிள்ளை லோகாசாரியரின் சம்பிரதாயம். என் வீட்டுக் கட்டிலடியில் கிடந்தவளோ விலக்கிக்கொண்டே இருந்தாள்.

இதற்கு விடை எனக்கு வேறொரு மூலையிலிருந்து கிடைத்தது. துறவு பூணுகிறவன் அக்கணத்தில் ஒரு சங்கல்பம் செய்துகொள்கிறான்: என்னிடமிருந்து சகல உயிர்களுக்கும் அபயம் என்று. உயிர்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவற்றினிடமிருந்து ஒரு வார்த்தையையும் எதிர்பார்க்கவில்லை. அச்சத்துக்குத் தான் காரணமாவதில்லை என்று தன்னையே கட்டிக்கொள்கிறான். அப்படிப் பார்த்தால் அபயம் என்பது பெறுகிறவன் கேட்டுப் பெறும் வஸ்துவாக இல்லாமல், கொடுக்கிறவன் ஒவ்வொரு நாளும் காக்க வேண்டிய நியமமாக ஆகிறது. ஆதியில் தனித்திருந்த புருஷன் முதலில் அஞ்சினான் என்றும், தன்னைத் தவிர வேறொன்று இல்லையே, எதற்கு அஞ்சுவது என்று எண்ணி அச்சம் நீங்கினான் என்றும், இரண்டாவது ஒன்று இருந்தால்தானே பயம் என்றும் பிருகதாரண்யக உபநிஷதம் பேசுகிறது. அவளுக்கு அந்த இரண்டாவது வஸ்து நான்தான். அத்வைத ஞானம் எனக்கு ஸித்தித்துவிடவில்லை. ஆனால் என் குரலின் கனத்தை, நடையின் வேகத்தை, அவள் என்னை விரும்ப வேண்டும் என்ற என் அவசரத்தை, இப்படி அவள் முன் நான் நிற்கும் பருமனை நாளுக்கு நாள் குறைத்துக்கொள்ள என்னால் முடியும். அந்த அவசரத்தை விடுவதுதான் மிகவும் கடினமாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்பு என்று நான் நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் பதிலுக்கான ஏக்கம்.

நான்காவது மாதத்தில் ஒரு மத்தியானம், ஆட்கள் நடமாடும் கூடத்தின் நடுவே, கால்களை நீட்டி, வயிறு வெளியே தெரியப் பக்கவாட்டில் படுத்து அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சுகிற நாய் அப்படி உறங்காது. நாங்கள் இருவரும் அவளைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தோம்.

அவ்வருஷத் தீபாவளி வெடிகளுக்கு அவள் மறுபடியும் கட்டிலடிக்கே போனாள். மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கக் கையைத் தூக்கினால் இன்றும் எழுந்து அப்பால் போய்விடுகிறாள். ஆகையால் நான் அடிக்கடி எடுக்கும் புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

காப்பகத்துக்குப் போக நினைப்பவர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். வாலை ஆட்டிக்கொண்டு கம்பிக்கு அருகில் வந்து நிற்கும் நாயை அழைத்துப்போக அநேகர் வருவார்கள். வீட்டில் அமைதியும் கையில் பொழுதும் உள்ளவர்கள், கூண்டின் பின்சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது யார் என்று விசாரியுங்கள்.