சொல்லி அனுப்புறோம்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஷிப்ட் மாறும் நேரத்தை ஆலைகள் நிமிடம் பிசகாமல் காக்கும். வேலை கேட்டு வந்தவரின் நேரத்துக்குத்தான் கணக்கே இல்லை. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். வந்தவரிடம் முடிவைத் தெரிவிக்கச் சொல்லவில்லை. 'சொல்லி அனுப்புறோம்' என்பது நம் ஊரில் 'இல்லை' என்பதற்கு இன்னொரு பெயர். மரியாதையான பெயர் என்று சொல்பவருக்கு நினைப்பு. 'இல்லை' என்றால் ஒரு நாள் வலிக்கும். மறுநாள் வேறு வாசல் தேடிப் போகலாம். பதிலே வராதபோது, போன் அடிக்கும்போதெல்லாம் மனசு ஓடுகிறது. துறைமுகத்தில் இடமில்லையென்றால் கப்பலுக்குக்கூடச் சொல்லிவிடுகிறார்கள்: வெளியே நங்கூரம் போட்டு நில் என்று.