செல்லரித்த ஏடு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். என் முன் சீட்டில் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரும் அவர் மகளும். புதுச்சத்திரம் தாண்டியதும் பெரியவர் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலிருந்து லட்டை எடுத்து வாயில் போட்டார். மகள் பதறிப்போய், "அப்பா, சுகர் முந்நூறு!" என்றாள்.

"என் உடம்பு, என் நாக்கு. உனக்கென்ன நஷ்டம்?"

நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. நீங்களும் நானும்கூட வீட்டில் கேட்டிருப்போம்.

சர்க்கரை என்றால் நமக்குக் கண், கிட்னி, கால் புண் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அந்த ஞாபகமே பட்டியலில் இருக்கிறது என்பது தெரியாது. உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே சாப்பிடுகிறது. அதன் முக்கிய உணவு குளுக்கோஸ். 'அப்படியானால் சர்க்கரை கூடினால் நல்லதுதானே?' என்று கேட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் வருஷக்கணக்காகச் சர்க்கரை கூடியே இருந்தால், மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகின்றன.

2013-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 2,067 முதியவர்களைப் பல வருஷம் கவனித்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களிலேயே, சராசரி 100 இருந்தவரைவிட 115 இருந்தவருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகம். சர்க்கரைதான் காரணம் என்று ஆய்வு சத்தியம் செய்யவில்லை, எச்சரித்தது. சுகர் இருக்கிற எல்லோருக்கும் மறதி வந்துவிடாது. பயந்துபோய் இஷ்டத்துக்கு மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம். சர்க்கரை ரொம்பத் தாழ்ந்தாலும் மூளைக்கு ஆபத்துதான்.

சரி, "உனக்கென்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு வருவோம். பஸ் போய்க்கொண்டிருந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் கிடந்தன. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது கரையான் அரித்தது போக மிச்சம்தான் கிடைத்தது என்பது வழிவழியாக வரும் கதை. அறைச் சாவி யாரோ சிலரிடம்தான் இருந்திருக்கும். நஷ்டம் தமிழ் பேசுகிற அத்தனை பேருக்கும்.

வாத்தியாரின் தலைக்குள்ளும் அப்படி ஓர் அறை. மகள் முதல் அடி வைத்த நாள், அவள் அம்மா கல்யாணத்தில் கட்டியிருந்த புடவையின் நிறம், அவரிடம் படித்த பையன்களின் பெயர்கள்... எல்லாம் அங்கே இருக்கின்றன. இவை அவர் ஒருவருடைய சொத்தா? நாக்கு உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஞாபகத்தில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. நாளைக்கு 'நீ யாரும்மா?' என்று கேட்டால் நஷ்டம் அவளுக்குத்தான்.

அதற்காக நாலு பேர் நடுவில் அப்பாவின் நம்பரைக் கத்தலாமா? கூடாது. மறதி வந்துவிட்டவரிடம் 'அன்னிக்கே சொன்னேனே' என்பது அதைவிடப் பாவம்.

இன்றைக்குச் சாயங்காலம் வாக்கிங் போகும்போது அப்பாவையும் கூப்பிடுங்கள். சர்க்கரைப் பேச்சை எடுக்காதீர்கள். "அந்தக் காலத்துல நம்ம வீடு எப்படிப்பா இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லிக்கொண்டே நடப்பார்.